அலைவடிவ ஆளி: கையால் கட்டிய சிந்தசைசரில் நீண்டநாள் அனுபவம்

மின்னலைகளால் இசையொலி எழுப்பும் கருவி சிந்தசைசர். அதில் அலையின் வடிவத்தைத் தேர்வது இந்த ஆளி. வாள்பல் அலையிலிருந்து சதுர அலைக்கு ஆளியைத் திருப்பினால் ஸ்பீக்கரில் 'டொக்' என்று ஒரு சத்தம். பலரும் முதலில் கழற்றுவது ஆளியைத்தான். பிழை அங்கே இருப்பது அரிது.

அலைகளை உருவாக்கும் ஏஎஸ்3340 சில்லுக்கு 15 வோல்ற்று கொடுத்தால் வாள்பல் 0 முதல் 10 வரை ஏறும். முக்கோணம் 5 வரை. துடிப்பு அலை (சரிபாதி அகலத்தில் இதுவே சதுர அலை) ஏறக்குறைய 13 வரை. இவற்றின் சராசரி வோல்ற்றளவு முறையே 5, 2.5, 6.5. இந்தத் தாவல்தான் 'டொக்'. ஆளிக்குப் பின்னால் ஒரேயொரு கொள்ளளவி போட்டு இதைச் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு திருப்பலிலும் அது புதிய சராசரிக்கு மின்னேறி, அதே சத்தத்தைத் தரும். ஆளிக்கு முன்னால், அலைக்கொன்றாக 1 மைக்ரோபராட்டுப் பிலிம் கொள்ளளவி வைத்து, அதன் மறுமுனையிலிருந்து நிலத்துக்கு 100 கிலோஓம் போடுங்கள். தேர்வாகாத அலையின் கொள்ளளவியும் எப்போதும் தயாராக நிற்கும். முக்கோண முனையில் சுமை மாறினால் சுருதியும் அசையும். ஆகவே கொள்ளளவிக்கு முன் டிஎல்074 தாங்கி (சுமை முனையைப் பாதிக்காமல் காக்கும் சுற்று) அவசியம். துடிப்பு முனை திறந்த எமிற்றர், அதாவது தானாகக் கீழே இறங்காது. கீழிழுக்கும் தடையி இல்லாவிட்டால் அலையே வராது.

அடுத்தது சத்தத்தின் அளவு. உச்சம் சமமாக இருந்தாலும் சதுர அலை வாள்பல்லைவிட 4.8 டெசிபல் பலமானது. 100 கிலோஓம் பின்னூட்டல் கொண்ட புரட்டும் விரியலாக்கியில் (அலையைத் தலைகீழாக்கிப் பெருக்கும் சுற்று) வாள்பல்லுக்கு 100, முக்கோணத்துக்கு 47, துடிப்புக்கு 220 கிலோஓம் உள்ளீட்டுத் தடையிகள் காதுக்குச் சரியாக இருக்கின்றன. முக்கோணம் அப்போதும் மெலிந்துதான் கேட்கும். அதன் மேற்சுரங்கள் வேகமாகக் குறைவதால் அது இயல்பு, கூட்டப் போகாதீர்கள்.

ஆளியின் இடம் அந்தத் தடையிகளுக்கும் விரியலாக்கியின் புரட்டும் உள்ளீட்டுக்கும் நடுவே. அங்கே வோல்ற்றளவு பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். சுழல் ஆளி இரண்டு நிலைகளுக்கு நடுவில் திறந்து நின்றாலும் வெளியீடு அமைதியாகிவிடும். வயரை மட்டும் நீளமாக இழுக்க வேண்டாம், 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் அதில்தான் ஏறும்.

யாழ்ப்பாணத்தில் கடற்கரையை அண்டிய வீடுகளில் சுழல் ஆளிக்கு ஆயுள் குறைவு. உப்புக்காற்றில் தொடுமுனை கறுத்து, சத்தம் கரகரக்கும். ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்தால் போதும். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

நீண்டகாலத்துக்கு, தொடுமுனை இல்லாத மின்னணு ஆளிச் சில்லான சிடி4066 நல்லது. ஆனால் மொத்த வழங்கல் 18 வோல்ற்றைத் தாண்டக்கூடாது. ±15 வோல்ற்றை நேரே கொடுத்துச் சில்லைச் சுட்டவர்கள் உண்டு. 7.5 வோல்ற்று சீனர் இருவாயி (வோல்ற்றளவை நிலையாக வைப்பது) இரண்டும் 1 கிலோஓம் தடையி இரண்டும் போட்டு ±7.5 எடுங்கள். திறந்திருக்கும் ஆளியின் உள்ளீட்டில் முழு அலையும் ஏறும் என்பதால், அங்கே 1என்4148 இருவாயிகள் இரண்டை எதிரெதிராக நிலத்துக்குப் போட வேண்டும்.

இதன் உண்மையான சுவை, ஒவ்வொரு துடிப்புக்கும் தன் இரண்டு வெளியீடுகளை மாற்றிக்கொள்ளும் சிடி4013 சில்லு சேரும்போதுதான். கொள்ளளவி தாண்டிய துடிப்பை 100 கிலோஓம் வழியாக அதன் கடிகார முனைக்குக் கொடுத்து, இரண்டு வெளியீடுகளாலும் இரண்டு 4066 ஆளிகளை மாறிமாறி இணைத்தால், ஒரு சுற்று வாள்பல், அடுத்த சுற்று முக்கோணம். ஒரு ஸ்தாயி கீழே புதிய சுரம் பிறக்கும். 4013க்கும் அதே ±7.5 வழங்கல். துடிப்பின் அகலத்தை 30 முதல் 70 வீதத்துக்குள் வையுங்கள். 10 வீதத்தில் அலையின் அடி -1.3 வோல்ற்றுக்குக் கீழே போகாது. 4013க்கு -3 வேண்டும், மாறுதல் நின்றுவிடும்.