வன்னியில ஆர் நடத்தின பொலிஸ் பரவாயில்லை? மூண்டையும் பக்கத்தில வச்சு ஒரு அலசல்

எங்கட ஆக்கள் நாலு பேர் சேந்து பொலிஸைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டா ஒராள் "இயக்கப் பொலிஸ் இருந்த காலத்தில உப்பிடி ஒரு களவு நடக்குமே" எண்டுவார், மற்றவர் "அப்ப பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க அந்தப் பொலிஸ் எங்க நிண்டது" எண்டு கேப்பார், மூண்டாமவர் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் எழுதின 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தைத் தூக்கிப் போடுவார், கடைசியில தேத்தண்ணி ஆறினதுதான் மிச்சம். மூண்டு பேர் சொல்லுறதிலயும் விசயம் இருக்கு. ஆனா ஒவ்வொருத்தரும் தங்கட பொலிஸின்ர நல்ல நாளையும் மற்றவையின்ர பொலிஸின்ர கெட்ட நாளையும் எடுத்துத்தான் ஒப்பிடுகினம், அதுதான் எனக்குப் பிடிக்காதது.

புலிகள் இயக்கத்தின்ர பொலிஸ், இலங்கைப் பொலிஸ், 13ஆம் திருத்தம் எழுதி வச்ச மாகாணப் பொலிஸ், இந்த மூண்டையும் நான் ரெண்டே ரெண்டு கேள்வியை வச்சுத்தான் பாக்கப்போறன். மாடு காணாமப்போனா அந்தப் பொலிஸ் என்ன செய்யும்? மகன் காணாமப்போனா என்ன செய்யும்? சண்டை இல்லாத இடத்தில ரெண்டுக்கும் ஒரே மேசைதான், ஒரே புத்தகத்திலதான் என்ட்ரி போடுவினம். வன்னியில (யாழ்ப்பாணத்துக்குத் தெக்கால கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம்) அப்பிடி ஒரு மேசை எந்தக் காலத்திலயும் இருக்கேல்ல.

முதல்ல பின்னணியைக் கொஞ்சம் சொல்லோணும். 1990 ஜூனில சண்டை திரும்பத் தொடங்கினதோட வன்னியின்ர பெரும்பகுதியில அரசாங்கப் பொலிஸ் இல்லாமப் போச்சு. (அதே மாசம் கிழக்கில சரணடைஞ்ச நூற்றுக்கணக்கான பொலிஸ்காரரை இயக்கம் சுட்டது, அதை விட்டிட்டு இந்தக் கதையைச் சொல்லேலாது.) ஆனா அரசாங்கம் முழுசாப் போகேல்ல. கச்சேரி (மாவட்டச் செயலகம்) இருந்தது, அரசாங்க அதிபர் இருந்தார், வாத்திமார், டொக்டர்மார், விதானைமார் (கிராம அலுவலர்) எல்லாருக்கும் கொழும்புச் சம்பளம் வந்தது. பிறப்புச் சாட்சிப்பத்திரம் அரசாங்கத்தின்ர, களவு குடுத்தா முறைப்பாடு இயக்கத்திட்ட. ஒரு விதானையார் காலமை கச்சேரிக்கு அறிக்கை எழுதிப்போட்டுப் பின்னேரம் இயக்கத்தின்ர காவல்பணிமனைக்கு (அவையின்ர பொலிஸ் ஸ்டேசன்) "இந்த மாடு இன்னாரின்ர மாடுதான்" எண்டு கடிதம் குடுப்பார். ரெண்டு பக்கத்துக்கும் அவர் தேவைப்பட்டார், ரெண்டு பக்கமும் அவரைச் சந்தேகப்பட்டது. உண்மையைச் சொன்னா வன்னியில பொலிஸ் வேலையின்ர பாதியைச் சுமந்தது இந்த விதானைமார்தான், அவையளைப் பற்றி ஒருத்தரும் எழுதுறேல்ல.

சரி, தமிழீழக் காவல்துறை. 1991இல யாழ்ப்பாணத்தில தொடங்கினது. பொறுப்பா இருந்த நடேசன் முந்தி இலங்கைப் பொலிஸில கான்ஸ்டபிளா இருந்தவர், அதால வேலை செய்யிற முறையில பழைய ஸ்டேசன் பழக்கம் நிறையத் தெரியும். இளநீலச் சேட்டு, கடும்நீலக் காற்சட்டை. பெண் பொலிஸும் இருந்தவை. 1994இல இயக்கம் தன்ர தண்டனைச் சட்டக்கோவையும் குடியியல் சட்டக்கோவையும் கொண்டுவந்தது, நீதிமன்றங்களும் இருந்தது, அதால பொலிஸ் பிடிக்கிற ஆளைக் கொண்டுபோய் நிப்பாட்ட ஒரு கோடு (நீதிமன்றம்) இருந்தது. 95, 96இல யாழ்ப்பாணம் போக எல்லாத்தையும் கட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தவை, கிளிநொச்சியும் ஆமியிட்டப் போக மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம், 98 செப்டம்பரில கிளிநொச்சி திரும்பக் கைக்கு வந்தாப் பிறகுதான் கொஞ்சம் நிலையா இருந்தது. சனத்தோட சேந்து பொலிஸும் இடம்பெயரும். பெற்றோலுக்கு அரசாங்கம் தடை போட்டிருந்ததால மோட்டச்சைக்கிளைத் துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயிலதான் ஓட்டுறது, அந்தப் புகையையும் இருமலையும் கேட்டா ஆரோ வாறாங்கள் எண்டு கள்ளனுக்கும் தெரியும். மிச்சத்துக்குச் சைக்கிள்.

மாட்டுக் கேள்விக்கு இவையின்ர மாக்ஸ் கூட. இதில எனக்கு ரெண்டாம் கருத்து இல்லை. வன்னியில மாடு எண்டா பட்டியில அடைக்கிற மாடும் இருக்கு, காட்டுக்கரையில அலையிற மாடும் இருக்கு, காதில வெட்டும் தொடையில சுட்ட குறியும்தான் அடையாளம். உள்ளூர்ப் பெடியன் பொலிஸா இருந்தா குறியைப் பாத்தே ஆரின்ர பட்டி எண்டு சொல்லுவான், எந்த ஊரில இறைச்சி போட்டாங்கள் எண்டதும் அவன்ர காதுக்கு வந்திரும். கசிப்புக் காய்ச்சிற இடம், முதிரை பாலை தறிச்சு ஏத்திற பாதை, குளத்துத் தண்ணிச் சண்டை, எல்லாம் அப்பிடித்தான். முறைப்பாட்டை நீங்கள் சொல்லுற தமிழிலயே எழுதி, உங்களுக்கே வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குவினம். 2002 பெப்ரவரியில போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏப்ரலில ஏ9 றோட்டுத் திறந்தாப் பிறகு ஓமந்தையில ஆமிச் செக்கிங் முடிஞ்சு, சூனியப் பிரதேசத்தில செஞ்சிலுவைச் சங்கக் கொடியைத் தாண்டிப் புளியங்குளத்தில இவையின்ர செக்கிங்கும் முடிஞ்சு அப்பாடா எண்டு ஆக்சிலேட்டரை மிதிச்சா, மர நிழலுக்குள்ள ஸ்பீட் கன்னோட நிப்பினம். கொழும்பு வானுக்கும் தண்டம்தான், வெளிநாட்டுப் பத்திரிகைக்காரருக்கும் தண்டம்தான், ரிசீற்றும் தருவினம். கொழும்பில லைசன்ஸுக்குள்ள காசை மடிச்சு வச்சு நீட்டிப் பழகின சாரதிமார் இஞ்ச வந்து முழிச்ச முழி இருக்கே.

இப்ப மற்றக் கேள்வி. காவல்துறைக்கு மேல இயக்கத்தின்ர புலனாய்வுத்துறை. அவையள் ஒராளைக் கூட்டிக்கொண்டு போனா காவல்பணிமனைப் பொறுப்பாளர் தலையைச் சொறிவார், "எங்களிட்ட இல்லை" எண்டுவார், அது பொய்யும் இல்லை. அதுக்கு மேல பாஸ் முறை. வவுனியாப் பக்கம் போகோணும் எண்டா அனுமதி, திரும்பி வருவியள் எண்டதுக்குப் பிணையா ஒராள். 2006க்குப் பிறகு கட்டாய ஆட்சேர்ப்பு இறுகினாப் பிறகு கதை முடிஞ்சுது. "என்ர பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்" எண்டு என்ட்ரி போட எந்தப் பணிமனையில புத்தகம் இருந்தது? மாட்டுக்கு வந்த அதே பெடியன் அந்தத் தாயைக் கண்டா மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போவான், அவனுக்கும் ஏலாது.

அடுத்தது அரசாங்கக் கட்டுப்பாட்டில இருந்த வவுனியா, அதாவது இலங்கைப் பொலிஸ். 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில ஓடுற நிர்வாகம், ஸ்டேசன், ஓஐசி (ஸ்டேசன் பொறுப்பதிகாரி), நீதவான் கோடு எல்லாம் முறையா இருந்தது. எழுத்தில பாத்தா இது ஒண்டுதான் உண்மையான பொலிஸ். ஆனா மாட்டுக் கேள்விக்கு இவை பெயில். உள்ளூர்த் தமிழ் பொலிஸ்காரர் விரல்விட்டு எண்ணுற அளவு, நீங்கள் தமிழில சொல்லுறதை ஒராள் அரைகுறையா மொழிபெயர்க்க, மற்றவர் சிங்களத்தில எழுதி, "சைன்" எண்டு பேனையைத் தருவார். என்ன எழுதிக்கிடக்கு எண்டு தெரியாமலே எத்தினை சனம் கையெழுத்துப் போட்டது. காவலரண் சுத்திவர இருக்கிற ஸ்டேசனில இருந்து ரெண்டு கட்டை (மைல்) தள்ளிக் களவு எண்டா பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒருத்தரும் வரமாட்டினம், கண்ணிவெடிப் பயம். அதிலயும் ஞாயம் இருக்கு, அவையும் உயிரோட வீடு போகோணும்.

பிறகு அங்க பொலிஸின்ர முக்கால்வாசி வேலை களவு பிடிக்கிறது இல்லை, ஆக்களை எண்ணுறது. தொண்ணூறுகளின்ர கடைசியில தாண்டிக்குளத்தால உள்ளுக்கு வந்த சனம் பூந்தோட்டம், நெளுக்குளம் எண்டு முகாமில கிடந்தது, நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ், அதுக்கும் உள்ளூரில ஒராள் பிணை. வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு பதியோணும், சொந்தக்காரர் ஒரு இரவு தங்கினாலும் பயம். கவனிச்சுப் பாருங்கோ, புளியங்குளத்துக்கு அங்கால போறதுக்கும் பிணை, தாண்டிக்குளத்துக்கு இஞ்சால வாறதுக்கும் பிணை. ரெண்டு பொலிஸும் ஒரே புத்தகத்தைப் படிச்ச மாதிரி. இதில அரசாங்கத்தோட நிண்ட புளொட் போன்ற மற்றத் தமிழ் இயக்கங்களின்ர முகாமும் ஊருக்குள்ள ஆயுதத்தோட இருந்தது, அவையள் ஒராளைக் கொண்டுபோனா பொலிஸ் அதைக் காணாது.

மகன் காணாமப்போனா? 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கே, அமைச்சரின்ர உத்தரவில மூண்டு மூண்டு மாசமாக 18 மாசம் வரைக்கும் வழக்கில்லாம வச்சிருக்க ஏலுமா இருந்தது (2022இலதான் அதை 12 மாசமாக் குறைச்சவை). சாதாரணச் சட்டத்தில பொலிஸிட்டக் குடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமே இல்லை, இந்தச் சட்டத்தில உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒராள் எடுத்தாச் செல்லும். அப்ப ஏன் துப்புத் துலக்கோணும், அடிச்சு எழுதிக் கையெழுத்து வாங்கினாக் காணுமே. நல்ல பொலிஸ்காரனையும் சோம்பேறி ஆக்கிற சட்டம் இது. அதோட 2006க்குப் பிறகு ஆக்களைக் கடத்திக்கொண்டு போற வெள்ளை வான். ஸ்டேசனில போய்ச் சொன்னா "எங்களிட்ட இல்லை" எண்டுவினம். கிளிநொச்சியில கேட்ட அதே பதில், பாஷைதான் வேற.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, இதைத் தமிழ் ஆக்கள் ஒத்துக்கொள்ளச் சங்கடப்படுவினம். அங்க ஒரு கடதாசி மிஞ்சும். 2009 மே 18 ஆமியிட்டச் சரணடைஞ்ச, இயக்கத்தின்ர திருகோணமலை அரசியல் பொறுப்பாளரா இருந்த எழிலனுக்காக மனைவி அனந்தி சசிதரன் வவுனியா மேல் நீதிமன்றத்தில ஆட்கொணர்வு மனுப் போட்டு, 2022 டிசம்பரில ஆமிதான் பொறுப்பு எண்ட மாதிரித் தீர்ப்பு வந்தது. ஆள் வரேல்ல. ஆனா போடுறதுக்கு ஒரு கோடாவது இருந்தது. தமிழீழ நீதிமன்றம் தீர்த்த காணி வழக்குகளை எடுங்கோ, ரெண்டு பக்கமும் கேட்டு எல்லை பாத்துத் தீர்த்தவை, கனபேர் நல்ல தீர்ப்பு எண்டுதான் சொல்லுகினம், 2009க்குப் பிறகு அதைக் கொண்டு எங்கயும் போகேலாது. வழக்கு முதலில இருந்து. காவல்துறைப் பதிவுகளும் முள்ளிவாய்க்காலோட போச்சு. பிடிச்சுக்கொண்டு போன பிள்ளைக்கு அந்தப் பக்கம் எழுதின ஒரு வரி இருந்தாலும் இண்டைக்கு அதைக் காட்ட ஆரும் இல்லை.

ரெண்டு பொலிஸ் பக்கத்தில பக்கத்தில இருந்தா வாற கூத்தும் உண்டு. இந்தப் பக்கம் களவெடுத்திட்டு ஓமந்தையைத் தாண்டினாச் சரி, துரத்திக்கொண்டு வர ஒருத்தரும் இல்லை. 2005இல தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையோட வேலைசெய்த மூண்டு பொலிஸ்காரர் மன்னார்ப் பக்கம் இயக்கக் கட்டுப்பாட்டு இடத்துக்குள்ள போக, இவை பிடிச்சு வச்சிட்டினம், கன மாசத்துக்குப் பிறகு கட்டம் கட்டமாகத்தான் விட்டவை. சிறுவர் துஷ்பிரயோகக் கேஸ் ஒண்டைத் தேடி வந்த ஆக்கள். அந்த விசயத்தில ரெண்டு பக்கச் சட்டமும் கடும் சட்டம்தான், ஆனா ஆரின்ர எல்லை எண்டதுதான் பெரிசாப் போச்சு.

இடையில வந்த ரெண்டைச் சும்மா தொட்டிட்டுப் போறன். 1988இல வரதராஜப்பெருமாள் முதலமைச்சரான வடக்கு கிழக்கு மாகாணசபை, இந்திய ஆமி நிக்கேக்க சி.வி.எஃப் எண்டு ஒரு தொண்டர் படையை உருவாக்கினது, பேருக்கு மாகாணப் பொலிஸின்ர குட்டி, நடந்தது றோட்டிலயும் ரியூசனிலயும் பெடியளை அள்ளினதுதான். 1990 மார்ச்சில இந்திய ஆமி போனதோட அதுவும் போச்சு. மற்றது எல்லைக் கிராமத்து ஊர்காவல் படை, விவசாயியிட்டத் துவக்கைக் குடுத்து விடுறது. அது பொலிஸே இல்லை.

கடைசியா 13ஆம் திருத்தத்தின்ர பொலிஸ். 1987இல எழுதினது, ஒரு நாளும் உயிர் வரேல்ல. 2013இல விக்னேஸ்வரன் முதலமைச்சரா வந்த வடமாகாணசபைக்கும் கிடைக்கேல்ல. எழுத்தில வாசிச்சா நல்ல வடிவு: மாகாணத்துக்கு ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபர், முதலமைச்சரின்ர உடன்பாட்டோட நியமனம், பொது ஒழுங்கு விசயத்தில அவருக்குப் பதில் சொல்லோணும், மூண்டு பேர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு ஆள் எடுக்கும். உள்ளூர் ஆள், உள்ளூர் பாஷை, மேல அரசாங்கக் கோடு. கிளிநொச்சியின்ர நல்லதையும் வவுனியாவின்ர நல்லதையும் சேத்த மாதிரி.

அந்தத் திருத்தத்தின்ர பொலிஸ் அதிகார அட்டவணையைப் பாத்தாத்தான் சிரிப்பு வரும். அரசுக்கு எதிரான குற்றம், ஆயுதப்படை சம்பந்தப்பட்ட குற்றம் எல்லாம் தேசியப் பிரிவுக்கு. மாகாணப் பொலிஸுக்கு என்ன துவக்கு, எத்தினை எண்டதும் தேசிய ஆணைக்குழு சொல்லோணும். அவசரகாலநிலை வந்தா ஜனாதிபதி ஆளுநருக்கு நேரடியா உத்தரவு போடலாம். இலங்கையில 1983இல இருந்து 2011 ஓகஸ்ட் வரைக்கும் இடையில சில காலம் விட்டு மிச்சமெல்லாம் அவசரகாலநிலைதான். அப்ப சண்டைக்காலத்தில இந்தப் பொலிஸ் இருந்திருந்தாலும் மாட்டுக் கேஸ் மாகாணத்துக்கு, மகன்ர கேஸ் கொழும்புக்கு. நான் ரெண்டு மேசை எண்டு சொன்னனே, மற்ற ரெண்டு இடத்திலயும் அது பழக்கத்தில வந்தது, இதில சட்டமாவே எழுதி வச்சிருக்கினம்.

எண்டாலும் தேர்ந்தெடு எண்டு கேட்டா நான் இந்த மூண்டாவதைத்தான் எடுப்பன், அதுவும் அப்பிடியே இல்லை. ஆள் எடுக்கிறதில கிளிநொச்சி மாதிரி, ஊர்ப் பெடியள் பெட்டையள், தமிழில என்ட்ரி. கோடு வவுனியாக் கோடு. அந்த அட்டவணையில ஒரு வரி மாறோணும்: ஆரைப் பிடிச்சாலும், ஆமி பிடிச்சாலும் புலனாய்வு பிடிச்சாலும், 24 மணித்தியாலத்துக்குள்ள அந்த ஊர் ஸ்டேசன் புத்தகத்தில பேர் எழுதோணும், அவசரகாலநிலையிலயும் எழுதோணும், தாய் வந்து கேட்டா அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டோணும். பொலிஸ் அதிகாரம் தாங்கோ எண்டு கேக்கப் போற எங்கட அரசியல்வாதிமார் இந்த வரியையும் சேத்துக் கேக்கினமோ எண்டு பாருங்கோ, நான் கேட்ட மட்டும் பிரதிப் பொலிஸ்மா அதிபரை ஆர் நியமிக்கிறது எண்டதிலயே நிக்கினம்.