கண்ணா, திரையா? வெளி பிளாஷோடு படமெடுக்கும் இரண்டு வழிகள்

திருகோணமலையில் கலியாணம், சாமத்திய வீடு என்று கமராவோடு போய்வருகிறவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி வியூபைண்டரில் கண்ணை ஒட்டியபடியே வேலை செய்யும். எடுத்த படத்தைச் சரிபார்க்க மட்டும்தான் பின்பக்கத் திரையைப் பார்க்கும். மற்றக் கட்சி கைப்பேசியில் படமெடுத்துப் பழகி வந்தது. கமரா கைக்கு வந்ததும் லைவ் வியூவைப் போட்டுத் திரையைப் பார்த்தே எடுக்கும். வெளிச்சம் போதுமான இடத்தில் இரண்டு பேருக்கும் சண்டை பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே ஒரு வெளி பிளாஷைப் பூட்டியதும்தான் வித்தியாசம் தெரியவரும்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஷ் கமராவின் மேலே இருந்து, ஆட்கள் அசைந்துகொண்டிருந்தால், டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கமராவில், வியூபைண்டருக்கு நிகர் கிடையாது. பிளாஷைக் கழற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, ஆளையும் ஒரு இடத்தில் நிறுத்தி எடுக்கும்போது திரைதான் வெல்லும். மிரர்லெஸ், அதாவது அந்தக் கண்ணாடி இல்லாத கமரா வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அதற்குப் பிறகு வருவோம்.

தாலி கட்டும் நேரத்தில்

கண்ணை வைத்துப் பார்க்கும்போது லென்ஸ் வழியே வரும் ஒளி உள்ளே இருக்கும் கண்ணாடியில் பட்டு மேலே போகிறது. ஃபோகஸ் பிடிக்கும் உணரியும் வெளிச்சம் அளக்கும் உணரியும் அந்தக் கண்ணாடி இறங்கி இருந்தால்தான் வேலை செய்யும். லைவ் வியூவை அழுத்தியதும் கண்ணாடி மேலே போய்விடும். ஒளி நேராகப் பட உணரிக்குப் போகும். மற்ற இரண்டு உணரிகளும் இருட்டுக்குள் போய்விடும். கீழே சொல்லப்போகிற தொல்லைகளில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

முதல் தொல்லை, தாமதம். டிடிஎல் முறையில் பிளாஷ் படத்துக்கு முன்னே ஒரு சிறு வெளிச்சத்தை அடித்து, அது பட்டுத் திரும்புகிற அளவை வைத்துத்தான் தன் பலத்தைத் தீர்மானிக்கிறது. கெனன் டிஎஸ்எல்ஆரில் அதை அளப்பது மேலே வியூபைண்டர் பக்கம் இருக்கும் உணரி. ஆகவே லைவ் வியூவில் பட்டனை அழுத்தினால் கண்ணாடி ஒருமுறை இறங்கி, அளந்து, மறுபடி ஏறி, அதற்குப் பிறகுதான் படம் விழும். பிளாஷோடு எடுத்தால் இரண்டு சட்டர் ஓசை கேட்கும், படம் ஒன்றுதான் விழும், வியூபைண்டரைவிட நேரமும் கூடும் என்று கெனனின் கையேடுகளே சொல்கின்றன.

கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலிக்கொடியைப் பெண்ணின் பின்கழுத்தில் பூட்டுகிற கணத்தை நினைத்துப் பாருங்கள். பெண்ணின் தலை குனிந்திருக்கும், தோழி கூந்தலைத் தூக்கிப் பிடித்திருப்பார், மாப்பிள்ளையின் இரண்டு கையும் ஒன்றாகச் சேரும். விரல்கள் தெளிவாகத் தெரிகிற நேரம் ஒரு நொடிகூட இல்லை. அதற்குள் யாராவது ஒரு மாமாவின் தோள் குறுக்கே வந்துவிடும். அந்த இடத்தில் கண்ணாடி இறங்கி ஏறக் காத்திருக்க முடியாது. தாமதம் கூடினால் கண் சிமிட்டலும் கூடும். முன்வெளிச்சத்துக்கு வேகமாக இமை மூடுகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். முன்வெளிச்சத்துக்கும் படத்துக்கும் இடைவெளி நீள நீள, அவர்கள் அரைக்கண்ணோடு அகப்படுவார்கள்.

இரண்டாவது, இருட்டில் ஃபோகஸ். நல்ல வெளி பிளாஷ்களின் முகப்பில் ஒரு சிவப்புக் கண்ணாடி இருக்கும். இருட்டில் சட்டரை அரைவாசி அழுத்தினால் அதிலிருந்து சிவப்புக் கோடுகள் ஆளின் மேல் விழும். அந்தக் கோடுகளைப் பிடித்து ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். வரவேற்பு நிகழ்ச்சியில் விளக்கை அணைத்துவிட்டு வண்ண விளக்குகளைச் சுழலவிடும்போது இது செய்கிற உதவி சாதாரணமானது இல்லை. ஆனால் அந்தக் கோடுகள் வியூபைண்டர் வழி ஃபோகஸுக்காக உண்டானவை. லைவ் வியூவில் பெரும்பாலும் அவை எரியாது. கமரா முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். ஃபோகஸை ஒருமுறை பிடித்துப் பூட்டும் ஒன் ஷொட் நிலையில் இருந்தால்தான் சிவப்புக் கோடு வரும் என்பதையும் கவனியுங்கள். அசையும் ஆளைத் தொடர்ந்து பிடிக்கும் சேர்வோ நிலையில் வைத்துவிட்டு பிளாஷ் பழுது என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பாரம். பற்றரியோடு பிளாஷ் அரைக் கிலோவை ஒட்டி வரும். கமராவைக் கண்ணோடு ஒட்டி, முழங்கையை விலாவில் பதித்துப் பிடித்தால் அது தெரியாது. கையை நீட்டித் திரையைப் பார்த்தால் மேல்பாரம் ஆடும், பொழுது போகப் போகக் கை நடுங்கும். திருவிழாக் கூட்டத்தில் தலைகளுக்கு மேலால் தூக்கி எடுக்க வேண்டி வந்தால் மட்டும் திரை கைகொடுக்கும். பத்திரகாளி அம்பாள் கோயில் வாசலில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும்போது வேறு வழியும் இல்லை. அப்போதும் திரும்பக்கூடிய திரை வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. ஓமப்புகைக்கு நேராக பிளாஷ் அடித்தால் புகைதான் வெளுக்கும், அதன் பின்னால் இருக்கிற முகம் இல்லை. அட்சதை எறியும்போதும் இதே கதை: தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்பதால் லென்ஸுக்கு அருகில் பறக்கும் அரிசி வெள்ளைப் பொட்டாக விழும். கண்ணால் பார்த்தாலும் திரையில் பார்த்தாலும் இது முன்கூட்டித் தெரியாது. பந்தலின் மேலே வெள்ளைத்துணி கட்டியிருந்தால் பிளாஷின் தலையை அதை நோக்கித் திருப்புங்கள். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டியிருந்தால் அந்த நிறம் அப்படியே முகத்தில் இறங்கும். அங்கே பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுவரைத் தேடுவது நல்லது.

டச்சு வளைகுடாவில்

இனி மற்றப் பக்கம். எங்கள் ஊர்க் கடற்கரைகள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை. டச்சு வளைகுடா, உப்புவெளி, நிலாவெளி எங்கே போனாலும், கடலைப் பின்னால் வைத்துச் சோடியை நிறுத்தினால் காலையில் வெயில் அவர்களின் முதுகில் இருக்கும். முகத்தைக் காட்டினால் வானம் வெளுத்துப் போகும். வானத்தைக் காப்பாற்றினால் முகம் கறுக்கும். இதற்குத்தான் கழற்றிய பிளாஷ், ஸ்டாண்ட், தள்ளி நிற்கும் பிளாஷை எரியவைக்கும் ட்ரிகர்.

இங்கே திரை செய்கிற வேலையை வியூபைண்டர் செய்யவே முடியாது. கண்ணாடி வழியே பார்க்கும்போது நீங்கள் எந்த அளவு வைத்தாலும் காட்சி ஒரேமாதிரித்தான் தெரியும். லைவ் வியூவில் எக்ஸ்போஷர் சிமுலேஷன் இருந்தால், சட்டர் வேகத்தையும் லென்ஸின் துவாரத்தையும் மாற்ற மாற்ற வானம் கண் முன்னே மாறும். ட்ரிகரை அணைத்து வையுங்கள். மேகத்தின் விளிம்பு தெரிகிற வரை, கடல் நீலம் பிடிக்கிற வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஆட்கள் நிழலுருவாகப் போவார்கள், போகட்டும். அப்புறம் ட்ரிகரைப் போட்டு, பிளாஷை மனுவலில், அதாவது பலத்தை நாமே வைக்கும் நிலையில், பதினாறில் ஒரு பங்குப் பலத்தில் தொடங்கி, முகம் சரியாக வரும்வரை ஏற்றுங்கள். மனுவலில் முன்வெளிச்சம் கிடையாது. ஆகவே மேலே சொன்ன அளக்கும் தாமதமும் இல்லை, அதனால் வரும் அரைக்கண்ணும் இல்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. திரை வானத்தைக் காட்டும். பிளாஷின் வெளிச்சத்தை ஒருபோதும் காட்டாது. அது படம் எடுத்த பிறகுதான் தெரியும். அதையும் கடற்கரை வெயிலில் திரையின் பளபளப்பை நம்பி முடிவு செய்ய வேண்டாம். வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், வெளுத்த இடம் மின்னுகிற எச்சரிக்கையைப் போட்டுவையுங்கள். பட்டு வேட்டியும் கூறைச்சேலையின் சரிகையும்தான் முதலில் மின்னும். வெயில் ஏறினால் திரையில் ஒன்றுமே தெரியாது; கறுப்புத் துணி ஒன்றோ, வெயிலை மறைத்துப் பார்க்கத் திரையில் வைக்கும் லூப் ஒன்றோ பையில் இருக்கட்டும்.

பிளாஷின் பலத்துக்கும் எல்லை உண்டு. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, சட்டர் 1/200 வைத்தால் துவாரம் எஃப் 11 வரை போகவேண்டி வரும். 35 மி.மீ. கோணத்தில் பிளாஷின் கைட் நம்பர் (பலத்தைச் சொல்லும் எண்; அதைத் துவார எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில் வரும்) 36 என்று வைத்துக்கொண்டால், முழுப் பலத்தில் நேரே அடித்தும் மூன்றேகால் மீட்டர்தான் எட்டும். பிளாஷுக்குக் குடை போட்டால் வெளிச்சம் இரண்டு ஸ்டொப் அளவில், அதாவது நாலில் ஒரு பங்காக, குறைந்துவிடும், தூரம் பாதியாகும். எஃப் 2.8 வேண்டும் என்று சட்டரை மிக வேகமாக்கி பிளாஷ் அடிக்கும் ஹை ஸ்பீட் சிங்கில் போனால் அங்கேயும் பலம் வெகுவாக இறங்கும். ஆகவே சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடியுங்கள். மாலையில் வெயில் நகரத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். கிழக்கு வானம் மெல்ல இருளும்போது பிளாஷுக்குப் பாரமே இல்லை. ஆடி மாதத்துக் கச்சான் காற்று வீசும் நாட்களில் குடையை விரிக்கவே வேண்டாம், மணல் மூட்டை கட்டினாலும் ஸ்டாண்டோடு சாய்த்துவிடும்.

ஃபோகஸிலும் இங்கே திரைக்குத்தான் வெற்றி. 85 மி.மீ. லென்ஸை எஃப் 2க்குத் திறந்தால் இமை தெளிந்து மூக்கு மங்கும். லைவ் வியூவில் 10 மடங்கு பெருக்கி இமை மயிரிலேயே ஃபோகஸை வைக்கலாம். படம் விழும் உணரியிலேயே பார்ப்பதால் முன்னே பின்னே தள்ளிப்போகிற பிழை வராது. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரட்ரிக் கோட்டைக்குள் மான்களோடு சேர்த்துத் தரைமட்டத்திலிருந்து எடுக்கவும் திரும்பும் திரை நல்லது. கோட்டைக்குள் ராணுவ முகாம் இருப்பதால் ஸ்டாண்டை விரிக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மான்களின் கண்ணுக்கு நேரே பிளாஷ் அடிக்காதீர்கள்.

இனி, பலரை அலையவைக்கிற ஒரு விஷயம்: வியூபைண்டரில் எரியும் பிளாஷ் லைவ் வியூவில் எரியாமல் போவது. கெனனில் சைலன்ட் லைவ் வியூ ஷூட்டிங் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மோட் 1, மோட் 2 இரண்டிலும் கெனன் அல்லாத பிளாஷ் எரியாது. அதை டிசேபிள் செய்தால் எரியும். ட்ரிகரும் பழுதில்லை, பிளாஷும் பழுதில்லை.

மிரர்லெஸ்ஸில்

இதில் கண்ணை வைத்தாலும் திரையைப் பார்த்தாலும் தெரிவது ஒரே காட்சி. கண்ணாடி இறங்கி ஏறுகிற தாமதமும் இல்லை. கண்ணில் ஃபோகஸ் தானே போய் நிற்பதால் கலியாண மண்டபத்திலும் சுகம். ஆனால் ஒரு பட்டனில் உயிர் இருக்கிறது. சோனியில் செட்டிங் எஃபெக்ட், கெனனில் எக்ஸ்போஷர் சிமுலேஷன், ஃபுஜியில் மனுவல் மோடுக்கான பிரிவியூ என்று பெயர் வேறு வேறு. வானத்தை அளக்கும்வரை அது இருக்கட்டும், அளந்ததும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிழலுருவைப் பார்த்துக்கொண்டு சிரிப்பு வருகிறதா இல்லையா என்று தெரியாமல் எடுக்க வேண்டிவரும். ஒற்றைப் புள்ளித் தொடர்புள்ள மலிவு ட்ரிகர்களில், பிளாஷ் பூட்டியிருப்பதே கமராவுக்குத் தெரியாது, தானாக அது மாறாது. எலெக்ட்ரோனிக் சட்டரிலும் பெரும்பாலான கமரா உடல்களில் பிளாஷ் எரியாது. சோனி ஏ9 III போன்ற, படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் சட்டர் உள்ளவை விதிவிலக்கு.

பழைய உடல் வாங்குகிறவருக்கு

கைமாறிய கெனன் 6டி (2012), 80டி (2016) இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கட்சிக்கு எது என்று எளிதாகச் சொல்லலாம். 6டியின் திரை அசையாது, லைவ் வியூவில் ஃபோகஸ் மெதுவானது. கெனன் தரும் கணக்கில் பற்றரி வியூபைண்டரில் 1,090 படம், லைவ் வியூவில் 220. 80டியில் திரும்பும் தொடுதிரையும் லைவ் வியூவில் வேகமாகப் பிடிக்கும் டூயல் பிக்ஸல் ஃபோகஸும் உண்டு. பற்றரி 960க்கு 300. இரண்டிலும் லைவ் வியூ பற்றரியைக் குடிக்கிறது, வைகாசி வெயிலில் உடலையும் சூடாக்குகிறது. முழு பிரேம் உணரிக்காக மண்டபத்தில் 6டியை விரும்புவேன், கடற்கரைக்கு 80டி.

மண்டப வேலைதான் பிழைப்பு என்றால் முதல் காசை டிடிஎல் பிளாஷில் போடுங்கள். சோடிப்படம் மட்டும்தான் என்றால் மனுவல் பிளாஷ் ஒன்று, ட்ரிகர், ஸ்டாண்ட் போதும். கடையில் காசு கொடுக்குமுன் ட்ரிகரைப் பூட்டி, சைலன்ட் நிலையை அணைத்து, லைவ் வியூவில், பிளாஷோடு ஒத்துப்போகும் மிக வேகமான சட்டரில், அதாவது 6டியை 1/180இலும் 80டியை 1/250இலும் வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் சட்டரை ஒரு படி குறைத்து மறுபடி எடுங்கள். அப்போதும் பட்டை வந்தால் ட்ரிகரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் அந்த உடலை விட்டுவிடுங்கள்.