வியட்நாம் பயணம்: புதுச்சேரியில் எங்களுக்குத் திட்டம் போட்டுத் தந்த டிராவல்ஸ் பற்றி

புதுச்சேரி மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில் இரண்டே மேசையோடு நடக்கும் ஒரு டிராவல்ஸ் பற்றி எழுதுகிறேன். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று அதை நடத்தும் அக்கா கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை, வேண்டுபவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். நான், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், முழங்கால் வலியுள்ள அம்மா என்று நான்கு பேரும் ஏப்ரலில் வியட்நாம் போய் வந்தோம். நகரம், கடற்கரை, மலை மூன்றும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும், அம்மா சோர்ந்துபோகக் கூடாது, இதுதான் நாங்கள் கேட்டது. கேட்டபடியே கிடைத்தது. குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

இதற்கு முன்னால் வேறு சில இடங்களில் பேக்கேஜ் தாள் வாங்கிப் பார்த்தோம். எல்லாம் ஒரே அச்சு. தலைநகர் ஹனோய், ஹா லாங் விரிகுடா, சா பா மலை ஊர், டா நாங் கடற்கரை, அதன் பக்கத்து மலையில் தங்கப் பாலம், தெற்கே சைகோன் என்கிற ஹோ சி மின் நகரம், சிலதில் அதோடு ஃபூ குவோக் தீவும், எல்லாம் ஒரே வாரத்துக்குள். அந்த நாடு வடக்கு தெற்காக 1,650 கி.மீ. நீளம், ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1,726 கி.மீ., கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினாலும் தீராத தூரம். அந்தத் தாள்களில் பாதி நாள் விமான நிலையத்திலும் பஸ்ஸிலும்தான் போகும், ஆனால் தாளில் அது தெரியாது, "காலை உணவுக்குப் பின் புறப்பாடு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு அப்படிப் போவது கொடுமை.

இந்த அக்கா முதலில் கேட்டது எந்த மாதம் போகிறீர்கள் என்பதை. பட்ஜெட், ஹோட்டல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். தீபாவளியை ஒட்டிப் போகலாம் என்று நினைத்திருக்கிறோம் என்றேன். "தம்பி, ஐப்பசியில உங்க ஊர்ல என்ன நடக்கும்?" என்றார். அடைமழை நடக்கும், கடலூர்க்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, 2015 நவம்பர் வெள்ளத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதே வடகிழக்குக் காற்றுதான் அங்கேயும் என்று வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார். தென்சீனக் கடலைக் கடந்து வரும் காற்று ட்ரூங் சோன் மலைத்தொடரில் மோதி, ஹூவே, டா நாங், ஹோய் ஆன் இருக்கிற நடுக்கரையில் கொட்டித் தீர்க்கும். செப்டம்பரில் ஆரம்பித்து டிசம்பர் வரை அந்தப் பக்கம் மழைதான், அக்டோபரும் நவம்பரும் ரொம்ப மோசம், ஹோய் ஆனில் து போன் ஆறு கரையேறித் தெருவுக்குள் படகு ஓடுவது அங்கே புதிதில்லை. தென்மேற்குப் பருவத்தில் நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பது போலவே அங்கே இந்த மலை மறைத்துவிடுவதால், ஜூன் ஜூலையில் சைகோனில் மாலையானால் மழை பிடித்துக்கொள்ளும், டா நாங் கரையோ காய்ந்து கிடக்கும். வடக்கு இன்னொரு கணக்கு. ஹனோயில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஸ்வெட்டர் போடும் குளிர், மந்தாரம், தூறல். அங்கே நல்ல காலமே அக்டோபர், நவம்பர்தான்.

ஆக, தீபாவளிக்குத்தான் போவோம் என்றால் வடக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்றும் வேண்டும் என்றால் மார்ச் ஏப்ரலுக்குத் தள்ளிப்போடுங்கள் என்றார். அன்றைக்கே முன்பணம் வாங்கிப்போட்டிருக்கலாம், வாங்கவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் கடையை எனக்குப் பிடித்துப்போனது. மகளுக்குப் பரீட்சை முடிந்து, சித்திரை ஒன்றாம் தேதியை வீட்டில் கொண்டாடிவிட்டுக் கிளம்பலாம், ஆனால் ஏப்ரல் 30க்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு கோடும் போட்டார். 1975இல் போர் முடிந்த நாள் அது, மே தினமும் சேர்ந்து வருவதால் அந்த நாட்டு மக்களே குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பிவிடுவார்களாம். டெட் என்கிற அவர்கள் புத்தாண்டும் அப்படித்தான், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், நிறையக் கடைகள் மூடியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது.

வழியையும் நன்றாக யோசித்திருந்தார். ஹனோயில் இறங்கி, தெற்கே வந்துகொண்டே இருந்து, சைகோனில் விமானம் ஏறித் திரும்புவது. போன வழியே திரும்ப வருகிற வேலை இல்லை. ஒரே ஊருக்குப் போய்வர டிக்கெட் எடுத்தால் விலை குறையுமே என்று கேட்டேன், உள்நாட்டு விமானத்துக்கும் வீணாகிற ஒரு நாளுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினார், பெரிய வித்தியாசம் இல்லை.

மலைக்கு சா பாவா, டா லாட்டா, இரண்டில் ஒன்றுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டா லாட் தெற்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய குளுகுளு ஊர், பைன் மரம், பூந்தோட்டம், ஏரி. பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் யெர்சின் 1893இல் அந்த மேட்டுநிலத்தைப் பார்த்துச் சொன்னதில் பிறந்த ஊர். நம் ஊட்டி, கொடைக்கானல் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது, சா பா போங்கள் என்றார். சரியான யோசனை. சா பாவும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், ஆனால் கண் எட்டும் வரை மலைச்சரிவை வெட்டி வெட்டிப் படிப்படியாக வயல், ஹ்மோங், டாவோ மக்கள் வாழும் கிராமங்கள், எதிரே 3,140 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஃபான்சிபான் சிகரம். அந்த உச்சிக்கு 2016இல் கேபிள் கார் போட்டிருக்கிறார்கள், 6 கி.மீ.க்கு மேல் நீளம். பெரும்பாலான பேக்கேஜில் இதற்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவிடுவார்கள். அக்கா வாங்கித் தரவில்லை. காலையில் எழுந்து உச்சி தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் மட்டும் போய் டிக்கெட் எடுங்கள் என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் முழுக்க மேகம், எதிர்வீடே தெரியவில்லை. அடுத்த நாள் காலை பளிச்சென்று திறந்தது, போனோம். முதல் நாளுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் வெள்ளைத் துணிக்குள் நின்ற மாதிரி நின்றுவிட்டு வந்ததாக ஹோட்டலில் சொன்னார்கள். கேபிள் காரை விட்டு இறங்கிய பிறகும் உச்சிக்கு நிறையப் படி இருக்கிறது, முடியாதவர்களுக்குத் தனியாக ஒரு சின்ன ரயில் ஓடுகிறது, அம்மா அதில்தான் வந்தார்.

ஹா லாங் விரிகுடாவை எடுத்துவிட்டு நின் பின் வைத்திருந்தார். இங்கே எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. நின் பின் அழகுதான், ஹனோயிலிருந்து நூறு கி.மீ.க்குள், சுண்ணாம்புப் பாறை மலைகளுக்கு நடுவே ஆற்றில் துடுப்புப் படகு, காலாலேயே துடுப்பு வலிக்கும் பெண்கள், கூட்டமும் குறைவு. இருந்தாலும் 1,600 தீவு சொச்சம் கடலில் எழுந்து நிற்கிற இடத்தை அவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமல் வந்தது மகளுக்கு இன்னும் மனக்குறை. குழந்தைகளோடு போகிறவர்கள் ஹா லாங்கை விடாதீர்கள், சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹூவேயிலிருந்து டா நாங்குக்குக் காரில் போகாதீர்கள், ரயிலில் போங்கள், தெற்கு நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னல் என்று சீட்டு எண்ணோடு வாங்கித் தந்தார். 2005இல் மலையைக் குடைந்து 6 கி.மீ. சுரங்கப்பாதை திறந்த பிறகு சாலை வண்டிகள் அதற்குள் நுழைந்து வெளியே வந்துவிடுகின்றன, ரயில் மட்டும் இன்னும் ஹாய் வான் மலையை ஒட்டிக் கடலோரமாகவே வளைந்து வளைந்து போகிறது. மொத்தமே மூன்று மணி நேரத்துக்குள்தான். கீழே பாறையில் அலை அடிப்பதும், ஆள் நடமாட்டமே இல்லாத சின்னச் சின்ன மணல்கரைகளும், முன்னால் வளைவில் நம் ரயிலின் என்ஜினே நமக்குத் தெரிவதும், இந்தப் பயணத்தில் நான் கொடுத்த எந்தப் பணத்துக்கும் இதைவிட நல்ல பலன் கிடைக்கவில்லை.

ஹோய் ஆனில் தங்கி, அங்கிருந்து ஒரு காலையில் மீ சன் என்கிற பழைய கோயில்களைப் பார்க்கப் போக ஏற்பாடு. தங்கப் பாலம் இருக்கும் பா நா மலையை விட்டுவிட்டு இதை வைத்ததற்கு அக்காவுக்கு அம்மா சார்பில் தனியாக நன்றி. அந்தப் பகுதியை ஆண்ட சம்பா நாட்டு மன்னர்கள் 4ஆம் நூற்றாண்டு தொடங்கி 13ஆம் நூற்றாண்டு வரை கட்டிய செங்கல் கோயில்கள், பெரும்பாலும் சிவனுக்கு. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் நிறைய நொறுங்கிப்போயின. நம் இந்தியத் தொல்லியல் துறைதான் அங்கே சில தொகுதிகளைச் சீரமைத்தது, அந்த வேலையில் 2020இல் ஒரே கல்லில் செய்த லிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து முழுசாகக் கிடைத்தது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குத் தவறாமல் போகிற அம்மா அங்கே கூரையில்லாத ஒரு கருவறையின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், நிழல் குறைவு.

சைகோன் பற்றி அக்கா பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவருடைய தாத்தா பிரெஞ்சு ஆட்சியில் அங்கே வேலை பார்த்தவராம். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து குமாஸ்தாவாக, போலீசாக, வரி அதிகாரியாக அங்கே போன குடும்பங்கள் ஏராளம், 1954 மே மாதம் வியட்நாமின் டியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை தோற்றது, அதே வருடம் நவம்பர் 1இல் புதுச்சேரியும் அவர்கள் கையை விட்டு வந்தது. அதனால் சைகோனுக்கு அவர் போட்ட திட்டம் எந்தப் பேக்கேஜிலும் கிடைக்காது. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ரூங் டின் தெருவில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல், நகரத்தார் கட்டிய முருகன் கோயில், மூன்றையும் சுற்றி வருகிற மாதிரி ஒரு காலை. மாரியம்மன் கோயிலுக்கு வியட்நாம்காரர்களே அதிகம் வருகிறார்கள், சந்நிதிச் சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். எனக்கு இது மனசுக்கு மிகவும் நெருக்கமான இடமாகிவிட்டது. மற்றபடி சைகோனில் ஒரு இரவைக் குறைத்து ஹோய் ஆனுக்குக் கொடுத்திருக்கலாம்.

விசா, பணம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈ-விசா 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள், ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. நம் ஆட்களின் பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு கட்டத்தில், இனிஷியல் விரிவு இன்னொரு கட்டத்தில், அல்லது அந்தக் கட்டமே காலி என்று பல விதமாக இருக்கும், விண்ணப்பத்தில் அதை அப்படியே எழுத்து பிசகாமல் ஏற்ற வேண்டும், விமான டிக்கெட்டிலும் அதேதான். இதை நான்கு பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தார். திட்டக் கூலி தனி, ஹோட்டல், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் அசல் ரசீது நம் பெயரிலேயே. கூலி என்று வாங்கியது நல்ல ஹோட்டலில் ஓர் இரவு வாடகை அளவுதான் வரும். வெளிநாட்டுப் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியைப் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கே 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம், பர்ஸில் தனித்தனி அறையில் வைக்கச் சொன்னதும் அவர்தான்.

இனி குறைகள். ஹனோய் பழைய நகரில் பிடித்துத் தந்த ஹோட்டலில் லிஃப்ட் இல்லை. அங்கே வீடுகள் எல்லாம் அகலம் குறைந்து உயரமாகத்தான் இருக்கும், அது தெரிந்தவர் முழங்கால் வலியுள்ள ஒருவர் வருகிறார் என்று சொன்ன பிறகும் மூன்றாம் மாடி அறையை எப்படிப் போட்டார் என்று புரியவில்லை. போன் செய்தால் புதுச்சேரிப் பழக்கப்படி மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை யாரும் எடுக்கவில்லை, அம்மா வரவேற்பறைச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். எடுத்த பிறகு அரை மணி நேரத்தில் தரைத்தள அறைக்கு மாற்றித் தந்தார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வெளிநாட்டில் ஆட்கள் இருக்கும்போது ஒரு எண்ணாவது எந்நேரமும் எடுக்க வேண்டும், இதைக் கண்டிப்பாகச் சரிசெய்தாக வேண்டும்.

சாப்பாட்டில் பாதி வெற்றி. அங்கே எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், சைவக்காரர்களுக்கு இது பெரிய தொந்தரவு. இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் வேண்டாம் என்று அவர்கள் மொழியில் எழுதிய அட்டை ஒன்றை அக்கா கொடுத்தனுப்பினார், அது நன்றாக வேலை செய்தது. அமாவாசை, பௌர்ணமிக்கு பௌத்தர்கள் சைவம் சாப்பிடுகிற பழக்கம் இருப்பதால் ஹூவே, ஹோய் ஆன், சைகோனில் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. சா பாவில்தான் அம்மாவுக்கு ரொட்டியும் பழமும் மட்டுமே கிடைத்தது, அங்கே கொஞ்சம் விசாரித்து அனுப்பியிருக்கலாம். பொடி, ஊறுகாய், அவல் கையில் கொண்டு போங்கள்.

போகிறவர்கள் காலை பதினொன்றுக்குள் போங்கள், ஒரே நேரத்தில் இரண்டு குடும்பத்துக்கு மேல் உட்கார இடமில்லை. ஏப்ரல் பயணத்துக்கு டிசம்பரிலேயே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள், பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் மிச்சம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு, வயதானவர்கள் வருவதாக இருந்தால் லிஃப்ட் உள்ள ஹோட்டல் என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.