நாய்களின் லிம்ஃபோமா வகைப் பரிசோதனை: கொலராடோ ஆய்வகச் சேவை

நாய்க்குத் தாடையின் கீழ் நெறி கட்டி, ஊசிப் பரிசோதனையில் லிம்ஃபோமா (நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய்) என்று வந்துவிட்டால், கீமோதெரபிக்கு எவ்வளவு ஆகும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, அது எந்த வகை என்பதை. எங்கள் கோல்டன் ரிட்ரீவருக்காக, ஃபோர்ட் காலின்ஸில் உள்ள கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தின் ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை அவற்றின் மேற்பரப்புப் புரதங்களைக் கொண்டு வகைபிரிக்கும் பரிசோதனை) சேவையைக் கால்நடை மருத்துவர் வழியாகப் பயன்படுத்தினோம். கொடுத்த பணம் வீண்போகவில்லை.

இந்தப் பரிசோதனைக்குச் செல்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். மருத்துவர் நெறியில் பலமுறை ஊசி போட்டு உறிஞ்சியதை உப்புநீரில் விட்டு, நாயின் சீரத்தையே (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்ப்பகுதி) சில துளிகள் சேர்த்து, குழாய் லேசாகக் கலங்கிய பிறகுதான் மூடி, குளிர்பொதியுடன் கூரியரில் அனுப்பினார். வெள்ளிக்கிழமை அனுப்பி வார இறுதியில் முடங்கவிடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார்.

அறிக்கையின் மதிப்பு, செல்களைப் புள்ளிகளாகக் காட்டும் படங்களில் இல்லை, அவற்றின் கீழே நோயியலாளர் எழுதும் விளக்கத்தில்தான் இருக்கிறது. லிம்ஃபோமா பெரும்பாலும் பி, டி என்னும் இருவகை நிணநீர்ச் செல்களில் ஒன்றிலிருந்து வரும். பெரிய பி செல் வகை என்றால் சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோலோன் சேர்ந்த ‘சாப்’ சிகிச்சைக்குப் பெரும்பாலான நாய்களில் நோய் அடங்கும். இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டும் காலம்) சுமார் 1 ஆண்டு. சிடி4 என்ற மேற்பரப்புப் புரதம் கொண்ட தீவிர டி செல் வகையில் அது ஏறக்குறைய பாதிதான் என்பதால், சிலர் லோமஸ்டின் போன்ற மருந்துகளை நாடுகிறார்கள். டி செல்லிலேயே சிடி45 என்ற புரதம் இல்லாத ‘டி-ஸோன்’ வகையோ முற்றிலும் வேறு: கோல்டன் ரிட்ரீவர்களில் அதிகம் காணப்படும் இது, சிகிச்சையின்றியே பல நாய்களில் ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் போகும். எங்களுக்கு வந்தது இதுதான். கீமோதெரபியே வேண்டாம், கண்காணித்தால் போதும் என்ற முடிவை, பெயரளவில் ‘டி செல்’ என்று மட்டும் சொல்லும் ஓர் அறிக்கையை வைத்து யாரும் எடுத்திருக்க முடியாது.

இதே ஆய்வகத்தில் ‘பார்’ எனப்படும் மரபணுப் பரிசோதனையும் உண்டு. சாயமேற்றிய பழைய ஸ்லைடிலும் அதைச் செய்யலாம் என்பது வசதிதான். ஆனால் செல்கள் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவையா, அதாவது புற்றுநோயா என்பதைச் சொல்லவே அது பொருத்தமானது. பி-யா டி-யா என்று தீர்மானிக்க அதை நம்புவது சரியல்ல.

நாங்கள் முதலில் போன கிளினிக்கில் அன்றே பிரெட்னிசோலோன் தொடங்கச் சொன்னார்கள். மாதிரி எடுக்கும்முன் ஸ்டீராய்டு கொடுத்தால் செல்கள் அழிந்து விடை குழம்பலாம், பின்னால் கொடுக்கும் மருந்துகளுக்கு எதிர்ப்பும் வளரலாம் என்பதால், இரண்டாவது மருத்துவர் அதைத் தள்ளிவைத்தார்.

கோலி இன நாய் வைத்திருப்போர் எம்டிஆர்1 (மருந்துகளைச் செல்களிலிருந்து வெளியேற்ற உதவும் மரபணு) பரிசோதனையைத் தனியே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும், இந்த அறிக்கையில் அது வராது; அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின் அளவுகளைக் குறைத்தே தொடங்க வேண்டியிருக்கும்.