பைக்குள் ஒரு ஹாட்ஸ்பாட்: வேலூர் சுற்றுவட்டாரத்தில் இரண்டு வருடம்

சத்துவாச்சாரி வீட்டு மாடியில் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஆன்டெனா இருக்கிறது, அங்கே எனக்குக் குறையில்லை. ஆனால் வாரத்தில் நாலு நாள் வேலை விஷயமாக ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று சுற்றுகிறவனுக்கு, மலை மறைத்துவிட்டால் கையில் இருக்கும் ஹேண்டியில் (கையடக்க ரேடியோ) வெறும் இரைச்சல்தான். அதனால்தான் ஹேண்டியை இணையத்தோடு சேர்க்கும் இந்த ஹாட்ஸ்பாட்டைக் கட்டினேன்: ராஸ்பெர்ரி பை ஸீரோ டபிள்யூ என்ற குட்டிக் கணினி, அதன் மேல் எம்எம்டிவிஎம் என்ற ரேடியோ பலகை, விரல் நீள ஆன்டெனா, உள்ளே பை-ஸ்டார் மென்பொருள். பலகையின் பவர் 10 மில்லிவாட்தான், லாட்ஜ் அறைக்கு அது தாராளம். ஹேண்டியில் டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறையில் பேசினால் போன் டேட்டா வழியாக பிராண்ட்மைஸ்டர் என்ற இணைய ஹாம் வலையமைப்புக்குப் போய்விடும்.

முதல் பயணம் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் உட்கார்ந்தால், போனோடு சேரவே மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, போன் 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை கொடுத்துக்கொண்டிருந்தது, ஸீரோ டபிள்யூவுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். மாற்றியதும் உடனே ஒட்டிக்கொண்டது.

அப்புறம் பவர் பேங்க். இந்தப் பெட்டி இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவு, சில பவர் பேங்குகள் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும், அதுவும் பேச்சின் நடுவில். குறைந்த மின்சாரத்துக்கென்று தனி மோட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எஸ்டி கார்டு ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். செட்டிங் சேமிக்கும்போது கேபிள் கழன்று எனக்கு ஒரு கார்டு போயே போய்விட்டது.

நான் அதிகம் மல்லுக்கட்டியது ஆஃப்செட்டோடுதான், அதாவது பலகையின் அதிர்வெண் விலகலைச் சரிக்கட்டும் எண். எதிரில் இருப்பவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கும், என் குரல் மட்டும் அவருக்குத் துண்டு துண்டாகப் போகும். பை-ஸ்டார் டாஷ்போர்டில் பிஇஆர் (வந்து சேரும் பிட்களில் பிழை வீதம்) 4 சதவீதத்துக்கு மேல் காட்டியது. அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் பலகையின் கிரிஸ்டல் கொஞ்சம் விலகியிருந்திருக்கிறது. எக்ஸ்பர்ட் பக்கத்தில் ஆர்எக்ஸ் (வாங்கும் பக்க) ஆஃப்செட்டை 50, 50 ஹெர்ட்ஸாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி ஹேண்டியின் பிடிடியை (பேசும் பொத்தான்) அழுத்திப் பார்த்தேன். ஆஃப்செட் 350ஐத் தொட்டபோது பிஇஆர் 0.3க்கு இறங்கியது, அந்த ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்! அதிர்வெண்ணை 434க்கும் 435 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவில் வையுங்கள். நமக்கு 438 வரை அனுமதி உண்டுதான், ஆனால் 435க்கு மேலே செயற்கைக்கோள்களுக்கான இடம்.

அக்னி நட்சத்திரத்தில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூடேறினால் பிஇஆரும் ஏறுகிறது. தகர டப்பாவும் வேண்டாம், சிக்னலை விழுங்கிவிடும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில்தான் என்னுடையது இருக்கிறது.

ஜவ்வாது மலையில் போன் டவர் கிடைக்காத இடத்தில் இது வெறும் டப்பாதான், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த ஆற்காட்டு அண்ணன், மாடி ஏற முடியாமல் போன வருடம் ஆன்டெனாவை இறக்கிவிட்டார். அவருக்கும் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். பலகை வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே உட்கார்ந்து ஆஃப்செட் பார்க்கவேண்டும்.