படமா, நடையா, திரையா: மக்களைச் சூழலியல் ஆய்வுக்குள் எந்த வழியில் அழைப்பது?

சூழலியல் ஆய்வில் பொதுமக்களைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லாத ஆய்வாளர் இப்போது குறைவு. சரி, எப்படிச் சேர்ப்பது என்று கேட்டால் "செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கண்ணில் பட்டதைப் படமெடுத்துப் பதிவேற்றுவது ஒரு வழி, ஒரே பாதையில் வருடக்கணக்கில் நடந்து எண்ணுவது இன்னொரு வழி, வீட்டிலிருந்தே தானியங்கி கேமராப் படங்களைப் பார்த்து விலங்கின் பெயர் சொல்வது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மூன்றும் வெவ்வேறு ஆட்களை இழுக்கின்றன, மூன்றிலிருந்து கிடைக்கும் தரவும் வெவ்வேறு.

படத்தில் தொடங்குவோம். உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் 2008இல் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழக முதுகலை மாணவர்கள் சிலரின் இறுதித் திட்டமாகப் பிறந்தது. பூச்சியின் பெயரே தெரியாதவரும் முதல் நாளே பங்கெடுக்கலாம்: படம், இடம், தேதி, அவ்வளவுதான். பெயரை மற்றவர்கள் சொல்வார்கள்; சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் அது ஆராய்ச்சித் தரப் பதிவாகிறது. முன்பின் தெரியாத ஒருவர் "இறக்கையில் அந்தப் புள்ளியைப் பாருங்கள், அதுதான் அடையாளம்" என்று சொல்லிக்கொடுக்கும் அந்த நிமிடம் இருக்கிறதே, அரங்கில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினாலும் அது வராது.

ஆனால் படத்தில் பூஜ்யம் கிடையாது: பார்த்தது மட்டும் பதிவாகும், தேடியும் தென்படாதது பதிவாகாது. போன வருடம் நான்கு பட்டாம்பூச்சிப் படம் போட்டவர் இந்த வருடம் பத்துப் போடுகிறார் என்றால், பட்டாம்பூச்சி கூடியதா, அவருக்கு ஓய்வு நேரம் கூடியதா? பதிவை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஓர் இனம் எங்கே இருக்கிறது, புதிதாக எங்கே பரவுகிறது, எப்போது பூக்கிறது என்பதற்குப் படங்கள் அருமையானவை. குறைகிறதா என்ற கேள்விக்குத்தான் அவை தடுமாறுகின்றன.

அந்தக் கேள்விக்குப் பதில் நடைதான். வட அமெரிக்காவில் 1900இல் 27 பேருடன் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. 1966இல் தொடங்கிய இனப்பெருக்கக் காலப் பறவைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பாதையிலும் 50 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் சரியாக மூன்று நிமிடம். பிரிட்டனில் 1976 முதல் நடக்கும் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பில் வாரம் ஒருமுறை அதே பாதையில் நடந்து, ஐந்து மீட்டர் அகலத்துக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும், ஆறாவது மீட்டரில் எவ்வளவு அழகான பூச்சி பறந்தாலும் விட்டுவிட வேண்டும். கேட்கும்போது கெடுபிடியாகத் தெரியும். இந்தக் கெடுபிடியால்தான் 1970லிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் கணக்கிட முடிந்தது. அந்த இழப்பில் பெரும்பகுதி சிட்டு வகைகள் போன்ற சாதாரணப் பறவைகள், அதாவது யாரும் கேமராவைத் தூக்காத பறவைகள். எனக்கு இந்த ஒரு விஷயமே போதும், நடையின் பக்கம் சாய.

நடைக்கு இரண்டு குறைகள் உண்டு. பெயர்கள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அதனால் புதியவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். அப்புறம், பலன் தெரிய வருடங்கள் ஆகும். நான் ஒரு கணக்கெடுப்பில் இரண்டு வருடம் விடியலில் எழுந்து நடந்தேன், அனுப்பிய தாள்கள் என்ன ஆயின என்று ஒரு வரி பதில் வரவில்லை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படத்துக்கும் நடைக்கும் நடுவில் இருப்பது 2002இல் வந்த இ-பேர்ட், பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு அனுப்பும் தளம். பார்த்த நேரம், நடந்த தூரம், பறவைப் பட்டியல் எல்லாம் கொடுத்த பிறகு அது ஒரு கேள்வி கேட்கும்: உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா? "ஆம்" என்றால் பட்டியலில் இல்லாதது உங்களுக்குத் தென்படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பூஜ்யம் வந்துவிட்டது, பங்கேற்பவருக்கு ஒரு பாரமும் இல்லாமல்.

திரைவழி வேலையைப் பற்றிச் சுருக்கமாக. பொதுமக்கள் ஆய்வுக்கு உதவும் ஜூனிவர்ஸ் தளத்தில், தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவில் வைத்த 225 தானியங்கி கேமராக்கள் எடுத்த படங்களை 28,000க்கும் மேற்பட்டோர் பார்த்து இனம் பிரித்தார்கள். பலர் சொன்ன பதில்களைச் சேர்த்து நிபுணர்களின் பதிலோடு ஒப்பிட்டபோது சுமார் 97 சதவீதம் சரி. வெளியே நடக்க முடியாதவர்களுக்கு இது உண்மையான கதவு. ஆனால் ஆயிரம் வரிக்குதிரைகளைப் பிரித்தவருக்குத் தன் வாசல் மரத்தில் என்ன கூடு கட்டுகிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை, அந்த இடைவெளி எனக்கு உறுத்துகிறது.

என்னிடம் புதிதாக ஒரு குழுவைக் கொடுத்தால் முதல் பருவம் முழுக்கப் படம் மட்டும் எடுக்கச் சொல்வேன், பெயர்கள் நாக்கில் ஒட்டும்வரை. அதன் பிறகு ஆளுக்கு ஓர் இடம், வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம், இருபது இனங்களின் பெயர் முன்கூட்டியே அச்சிட்ட தாள். பார்க்காத இனத்துக்கு எதிரே கட்டாயம் 0 எழுத வேண்டும். மாதக் கடைசியில், அவர்கள் எழுதிய எண்களை ஒரு வரைபடமாக்கி, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.