ஸ்பீக்கர் வயர் வாங்குபவர்கள் கவனத்துக்கு: தடிமன் உறையில் மட்டும்தான்

வீட்டில் ஹோம் தியேட்டருக்கு வயர் இழுக்கப் போகிறவர்கள், சீலிங்கை மூடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஹாலில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) அமைக்கும் வேலையை ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்தோம். '2.5 சதுர மி.மீ., சுத்தச் செம்பு' என்று பில் போட்டு, அதற்குரிய காசும் வாங்கினார். வயர் நல்ல பருமன். கண்ணாடி உறைக்குள் செம்பு நிறம் பளபளத்தது.

பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் முதல் நாளே மந்தமாக இருந்தன. கூப்பிட்டதும் வந்தவர், ரிசீவரில் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) பின்பக்க சேனல் லெவலை ஏற்றிவிட்டு, "செட்டாக நாளாகும் சார்" என்று கிளம்பிவிட்டார். சத்தம் கூடியது, தெளிவு வரவில்லை. சில மாதத்தில் ஒரு பக்கம் கரகரக்க ஆரம்பித்தது. முனையைக் கழற்றினால் இழைகள் கையோடு ஒடிந்து வருகின்றன. பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேலே வெறும் செம்புப் பூச்சு! உறையை உரித்து 0.75 வயரோடு சேர்த்துப் பிடித்தால், கம்பி அதே அளவுதான். மிச்சமெல்லாம் பிளாஸ்டிக்.

ரிசீவரிலிருந்து பின்பக்க ஸ்பீக்கர் 12 மீட்டர். போக, வர 24 மீட்டர் கம்பி. அசல் 2.5 செம்பாக இருந்தால் மின்தடை சுமார் 0.2 ஓம். எங்கள் வயரின் ஒரு முனையில் இரண்டு கம்பியையும் சேர்த்து ஷார்ட் செய்து, மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்தால், மீட்டரின் சொந்த வயர்களின் தடையைக் கழித்த பிறகும் 1 ஓம் பக்கம் காட்டுகிறது. ஸ்பீக்கர் தடையில் 5 சதவீதத்துக்குள் வயர் தடை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.3.

1 ஓம்தானே என்று விட முடியாது. 6 ஓம் என்று எழுதியிருந்தாலும், ஸ்பீக்கரின் தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். 4 ஓமுக்கு இறங்கும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வோல்டேஜ் வயரிலேயே போய்விடும். 20 ஓமுக்கு ஏறும் இடத்தில் இழப்பு பெயருக்குத்தான். அதனால் ஒலியின் சமநிலையே மாறிவிடுகிறது. லெவலை ஏற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

வாங்கும்போது, பருமனை ஓர் எண்ணால் சொல்லும் 'கேஜ்' கணக்கை ஏற்காதீர்கள். அமெரிக்க 14 கேஜும் பிரிட்டிஷ் 16 கேஜும் கிட்டத்தட்ட ஒரே பருமன், அதில் எளிதாகக் குழப்பலாம். சதுர மி.மீ.யில் கேளுங்கள். 'சிசிஏ' என்றிருந்தால் செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பும் வெளியே வெள்ளையாக இருக்கும், ஆனால் உள்ளே சிவப்பு தெரியும்.

அப்புறம், மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயரும் தேவையில்லை. நாலு மீட்டர் தூரத்துக்கு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் ஐஎஸ்ஐ முத்திரை 1.5 செம்பு வயரே தாராளம்.

வயர் போட்டவரிடம் கேட்டதற்கு, "பூச்சும் செம்புதானே" என்கிறார். பில்லையும் வெட்டிய துண்டையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திருக்கிறோம். வயர் இழுக்கும் அன்றே ஒரு சாண் துண்டு வெட்டி வாங்கி, பில்லோடு பத்திரப்படுத்துங்கள்.